கடை வாசலில் ஐஸ்கிறீம் செய்த நாள்

1

வவுனியாவில் இருக்கும் என் மச்சான் கேசவன் குளிர்காலம் வந்தால் தவறாமல் ஒரு செய்தி அனுப்புவான். "மச்சான், பனிக்குள்ளை நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்படா. இஞ்சை பிள்ளையள் கேட்டு நச்சரிக்குதுகள்." கனடாவில் இருக்கிற அவனுடைய தங்கச்சி முழங்கால் புதைய நின்று படம் அனுப்புகிறாள். நோர்வேயில் இருக்கிற தம்பி வீட்டுக் கூரையில் ஏறி நின்று அனுப்புகிறான். பரிசில் இருக்கிற நான் மட்டும் இத்தனை வருடமாக ஒன்றும் அனுப்பவில்லை.

உள்ளதைச் சொன்னால், பரிசில் பனி ஒழுங்காக விழுவதில்லை. காலையில் மா அரித்த மாதிரி ஒரு மெல்லிய படை கிடக்கும். மத்தியானத்துக்குள் அது சேறாகி, சப்பாத்தில் ஏறி, கடைக்குள் வந்துவிடும். படம் எடுக்கிற அளவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் 2018 மாசியில் ஒருமுறை உண்மையாகவே கொட்டியது. பஸ் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பெருந்தெருக்களில் சனம் காரைவிட்டு இறங்கி நடந்தது. அன்றைக்கும் என்னிடம் ஒரு படம் இல்லை. ஏன் இல்லை என்று போன கிழமை கேசவனுக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கி, முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. "இதை எழுதடா மச்சான்" என்றான். எழுதுகிறேன்.

2

பரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், ஒரு பக்கத்துத் தெருவில் என் கடை. அரிசி, மா, தேங்காய், முருங்கைக்காய், பெட்டிமீன், ஊர்ப் பலகாரம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போகவேண்டிய அளவு இடம். பக்கத்தில் ராசன் அண்ணையின் தேத்தண்ணிக்கடை. நானும் மனிசி வசந்தியும் மகள் ஆரணியும் இருப்பது எபினே-சூர்-செய்னில். அங்கிருந்து ரயிலில் வந்து போகிறேன்.

அந்தப் பனிக்கு முந்திய இலையுதிர்காலத்தில், உணவுச் சுகாதாரம் பார்க்கிற அலுவலகத்தில் இருந்து ஒரு மதாம் கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், கழுத்தில் கண்ணாடி தொங்கும். பெயர் மதாம் வெர்னியே. வந்தவர் குளிர்பெட்டியைத் திறந்தார், மூடினார், குனிந்து தட்டுகளுக்குக் கீழே பார்த்தார். என் கடை சுத்தமான கடை, நானும் சுத்தமாக வேலை செய்கிறவன் என்று சொல்ல நினைத்தேன். நெஞ்சில் கையை வைத்து, "மதாம், ஜு சுய் ப்றோப்ர்" என்றேன். மதாம் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள், மிஸ்யூ" என்றார்.

அன்று பின்னேரம் இதை வீட்டில் சொன்னபோது ஆரணி கதிரையில் இருந்து சரிந்து சிரித்தாள். அது சின்னப் பிள்ளைகள் சொல்கிற வசனமாம். 'நான் இனிமேல் காற்சட்டையில் ஒண்டுக்குப் போகமாட்டேன்' என்று அர்த்தமாம்.

அந்த மதாம் மூன்று குறை எழுதினார். குளிர்பெட்டிக்கு வெப்பமானி வேண்டும், ஒவ்வொரு நாளும் பாகையைக் கொப்பியில் எழுதவேண்டும். சாமான் நிலத்தில் இருக்கக்கூடாது. பலகாரப் பைகளில் பிரெஞ்சில் சீட்டு ஒட்டவேண்டும். திரும்பி வந்து பார்ப்பேன், அப்போதும் சரியில்லை என்றால் கடையைத் தற்காலிகமாகப் பூட்டவேண்டி வரும் என்று கடிதம் வந்தது. திரும்பி வருகிற நாள், நேரம் எல்லாம் அதில் இருந்தது. காலை பத்து மணி.

இப்படியான இடங்களில் எனக்கு ஆரணிதான் வாய். ஒன்பது வயதிலிருந்தே அவள்தான் வங்கியில், நகரசபையில், வைத்தியரிடத்தில் எனக்காகக் கதைத்தவள். அப்போது பதினேழு வயது, லீசே என்கிற உயர்பள்ளியில் கடைசி வருடம். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதுவும் 'ம்', 'இல்லை', 'தெரியாது' என்ற மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பத்து மணிக்கு வருகிறேன், ஆனால் இதுதான் கடைசித் தடவை என்று கடிதத்தைப் படித்துப்போட்டுச் சொல்லியிருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசித் தடவை என்று அவள் சொல்வது அது முதல் தடவை இல்லை.

3

மதாம் வருகிற அந்த மாசி நாள் விடிய எழும்பி யன்னலைத் திறந்தால் எதிரே நின்ற கார்களைக் காணவில்லை. வெள்ளை மேடுகள்தான் இருந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். 'இந்தப் பனிக்குள்ளை மதாம் எங்கை வரப்போறா' என்று வசந்தியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை. பஸ் இல்லாவிட்டாலும் நடந்தே போகவேண்டியவள். சப்பாத்துக்கு மேலே பிளாஸ்ரிக் பையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அவா வருவா. வெள்ளைக்காரர் கடுதாசியிலை நேரம் போட்டால் வருவினம்."

ஆரணியின் லீசே அன்றைக்கு மூடியிருந்தது. அதனால் என்னோடு காலையிலேயே புறப்பட்டாள். அவள் பனிச்சப்பாத்து. நான் சாதாரணத் தோல் சப்பாத்து. ரயில் நிலையப் படியில் முதல்தரம் விழுந்தேன். எழும்பி, ஒருவரும் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்தால் மேடை முழுக்கச் சனம். ரயில் வருமா வராதா என்று தெரியாத சனத்துக்கு நான் விழுந்தது ஒரு பொழுதுபோக்காக இருந்திருக்கும்.

கடைக்கு வந்து சேர எட்டரை. மேலே சுருளுகிற இரும்புக் கதவின் பூட்டுக்குள் திறப்புப் போகவில்லை. உள்ளே தண்ணீர் உறைந்திருந்தது. ஊதிப் பார்த்தேன். லைற்றரைப் பிடித்துப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ராசன் அண்ணை தன் கடைக்குள் போய் ஒரு பெரிய கேத்தலோடு வந்தார். ராசன் அண்ணைக்கு அறுபது கடந்துவிட்டது. எந்தப் பிரச்சினைக்கும் சுடுதண்ணீரில் ஒரு தீர்வு வைத்திருப்பார்.

"சிறி, தள்ளு. ஒரு கேத்தல் ஊத்தினால் திறக்கும்."

ஒரு கேத்தல் ஊற்றினோம். திறக்கவில்லை. இன்னொன்று ஊற்றினோம். மூன்றாவதில் பூட்டு 'டக்' என்றது. கதவு மேலே போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டோம்.

ஆரணி காதில் இருந்த பாட்டை எடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள். ஊற்றின தண்ணீர் வாசற்படியால் வடிந்து நடைபாதையில் பரவியிருந்தது.

"அப்பா, இது உறையும்" என்றாள் பிரெஞ்சில்.

"சுடுதண்ணி எப்பிடிப் பிள்ளை உறையும்?" என்றேன் நான்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். அந்த வசனத்தை நான் சாகும்வரை அவள் எனக்குச் சொல்லிக் காட்டுவாள்.

உள்ளே வேலை தலைக்கு மேல். மரக்கறி லொறி வரவில்லை. முதல்நாள் பின்கதவோரம் மறந்து விட்டிருந்த கறிவேப்பிலைப் பெட்டி குளிரில் கருகிக் கறுத்துப்போய் இருந்தது. ஆரணி முறுக்குப் பைகளுக்குச் சீட்டு ஒட்டினாள். நான் குளிர்பெட்டியைப் பார்த்தேன், கழித்தல் பதினெட்டு. ஒழுங்கான பாகை. வாசலைப் பார்க்கவேண்டும் என்று ஒருதரமும் தோன்றவில்லை. வருகிற சனமும் இல்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, 'பாத்தியா பிள்ளை, வரமாட்டா' என்றேன்.

4

சரியாகப் பத்து மணிக்கு எதிர்ப்பக்கத்தில் மதாம் வெர்னியே வந்துகொண்டிருந்தார். தோளில் பை, தலையில் கம்பளித் தொப்பி. எங்கிருந்து நடந்தாரோ தெரியாது, மூக்கு செத்தல் மிளகாய் நிறத்தில் இருந்தது. தெருவில் கிடந்த அவ்வளவு பனியையும் ஒரு பூனை மாதிரிக் கால் வைத்துக் கடந்து வந்தார். கடை வாசலுக்கு வந்ததும், இனிப் பயமில்லை என்று நினைத்திருக்கவேண்டும், நிமிர்ந்து என்னைப் பார்த்து "பொன்ஜூர்" என்று சொல்லத் தொடங்கினார். 'பொன்' வந்தது. 'ஜூர்' வரவில்லை.

ஆள் அந்தரத்தில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு பொத்தென்று விழுந்த சத்தம். பை ஒருபக்கம், தொப்பி ஒருபக்கம். வலது கால் அவருக்குக் கீழே மடங்கிக் கிடந்தது.

நான் ஓடினேன். அதே ஐஸில் நானும் விழுந்தேன். மதாமுக்குப் பக்கத்தில் நான் இருந்தபடி சொன்ன முதல் வார்த்தை, "பொன்ஜூர் மதாம்."

ஆரணிதான் நிதானமாகப் பெட்டி மட்டையொன்றைப் போட்டு, அதில் கால் வைத்து வந்து, மதாமின் கையைப் பிடித்துக் கதைத்தாள். கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. ஊன்ற முடியவில்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தாள். எல்லா வண்டிகளும் வெளியே, தெருக்கள் மூடியிருக்கின்றன, இரண்டு மணித்தியாலம் ஆகலாம், ஆளைச் சூடாக வைத்திருங்கள் என்றார்கள்.

இதற்கிடையில் ராசன் அண்ணை, இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதென்று, கடைக்குள் ஓடி உப்பென்று மூன்று பையைத் தூக்கிவந்து கிழித்து வாசல் முழுக்க எறிந்தார். மூன்றாவது பையைக் கிழிக்கும்போதுதான் ஆரணி பார்த்தாள்.

"மாமா, அது சீனி!"

பரிசின் மாசிக் குளிரில் எறும்பு இல்லை என்பது மட்டும்தான் எங்களுக்கு அப்போது இருந்த ஒரே ஆறுதல்.

மதாமை உள்ளே தூக்கி வந்து அரிசி மூட்டைகளின் மேல் இருத்தினோம். ராசன் அண்ணை இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நிறம் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்த மதாம், ஒரு வாய் குடித்துவிட்டு, மூட்டையைத் தட்டி, "மிஸ்யூ, இந்த மூட்டைகள் நிலத்தில் இல்லைத்தானே?" என்றார். பலகைக்கு மேலேதான் இருந்தன. நான் நெஞ்சைத் தொட்டுத் தலையாட்டினேன். வாய் திறக்கப் பயம்.

பத்து நிமிடத்தில் அவருடைய நடுக்கம் கூடியது. கண்ணை மூடிக்கொண்டார். வலியை வெளியே காட்டாத ஆள் கண்ணை மூடுவது நல்லதற்கில்லை என்று எனக்குப் பட்டது. இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. பெரிய ஆஸ்பத்திரி நடந்தால் பத்து நிமிடம். நடக்கத்தான் மதாமால் ஏலாது.

ராசன் அண்ணை கடையின் மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூட்டை இறக்குகிற நாலு சில்லுத் தள்ளுவண்டி.

"அப்பா, இல்லை" என்றாள் ஆரணி. "தயவுசெய்து வேண்டாம்."

மதாம் கண்ணைத் திறந்து வண்டியைப் பார்த்தார். "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டார்.

5

இரண்டு மூட்டை சிவப்பரிசியை வண்டியில் வைத்து, அதன் மேல் மதாமை இருத்தி, காலை மூன்றாவது மூட்டையில் நீட்டி வைத்தோம். கடையில் நான் மத்தியானம் படுக்கிற போர்வையால் கழுத்துவரை சுற்றினோம். கடைக்குக் காவல் ராசன் அண்ணை. நான் பின்னால் தள்ள, ஆரணி முன்னால் கயிற்றில் இழுத்தாள்.

முதல் இருபது மீற்றருக்கு வண்டி லேசில் அசையவில்லை. சில்லு பனிக்குள் புதைந்தது. பெருந்தெருவுக்கு ஏறியதும் நகைக்கடை வாசலில் நின்ற இரண்டு பொடியள் வந்து பிடித்தார்கள். தொலைபேசிச் சிம் விற்கிற மாலி நாட்டுக்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பக்கம் தோளைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி ஓடத் தொடங்கியது. கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.

லாச்சப்பல் சனத்துக்குத் தேர் பார்த்துப் பழக்கம். ஆவணியில் இதே தெருவால்தான் தேர் இழுப்போம். கடைகளில் இருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "என்ன சிறி அண்ணை, இந்த வருசம் முன்னுக்கே தொடங்கியிட்டியளோ?" என்று ஒருத்தன் கத்தினான். மரக்கறிக் கடை அம்மா ஒருவர், பாவம், விசயம் தெரியாமல் கை கூப்பினார். மதாம் போர்வைக்குள் இருந்து தலையைச் சரித்து அவருக்கும் ஒரு "பொன்ஜூர்" சொன்னார்.

சந்தியில் சனம் அடைத்துக்கொண்டு நின்றது. நான் "பார்தோன், பார்தோன்" என்கிறேன், ஒருவரும் அசையவில்லை. அப்போது முன்னால் இருந்து ஒரு சத்தம் கேட்டது.

"வழி விடுங்கோ! ஆள் வருத்தத்திலை இருக்குது, வழி விடுங்கோ! அண்ணை, உதிலை நிண்டு படம் எடுக்காமல் அங்காலை தள்ளுங்கோ!"

ஆரணி. முகம் சிவந்து, தலைமயிர் முழுக்கப் பனி, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய. வீட்டில் 'சோறு போடவா' என்று கேட்டால் 'நோன்' என்று சொல்கிற பிள்ளை. இவ்வளவு தமிழும் எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சனம் இரண்டாகப் பிரிந்தது. நான் தலையைக் குனிந்து தள்ளினேன். கண்ணில் பனி பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6

அவசரப் பிரிவில் அன்றைக்குப் பாதிப் பரிஸ் விழுந்துபோய் இருந்தது. மதாமை ஒரு கட்டிலுக்கு மாற்றினார்கள். எங்களை ஒரு மேசைக்கு முன்னால் விட்டார்கள். எழுதுகிற பெண் பிள்ளை கேட்டது: எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார்?

"கடை வாசலில். பனியில் சறுக்கி" என்றாள் ஆரணி உடனே.

மதாம் கட்டிலில் இருந்து மெதுவாகச் சொன்னார்: "பனியில் இல்லை. பனியைத் தாண்டித்தான் வந்தேன். அங்கே ஐஸ் இருந்தது. தெரு முழுக்க இல்லாத ஐஸ் அந்த வாசலில் மட்டும் ஏன் இருந்தது என்றுதான் யோசிக்கிறேன்."

ஆரணி என் கையைக் கிள்ளினாள். "பேசாமல் இருங்கள்" என்றாள் பிரெஞ்சில், உதடு அசையாமல். அவளுக்கு விசயம் தெரியும். எனக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றியது நான் என்றால் காப்புறுதிக்காரன் வருவான், கடிதம் வரும், கடையைப் பூட்டுகிற பேனா இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் அலுவலக மேசைகளுக்கு முன்னால் சொன்ன வசனங்கள் ஒன்றும் என்னுடையவை இல்லை. அகதி விண்ணப்பக் கதையை எழுதித்தர ஒருவர் இருந்தார். என் உண்மையான கதை போதாது என்று சொல்லி, வேறு யாருடையதோ நாலு சம்பவத்தைச் சேர்த்து எழுதித் தந்தார். அதைப் பாடமாக்கித்தான் சொன்னேன். முதலில் மறுத்தார்கள், பிறகு கிடைத்தது. அதன் பிறகு ஆரணி வளர்ந்துவிட்டாள், அவள் சொன்னாள். என் வாயால் நான் சொன்னது என்று ஒரு மேசையிலும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு என்ன வந்ததோ தெரியாது. பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"மதாம்" என்றேன். "நான்தான். காலையில், பூட்டு, குளிர். நான் சுடுதண்ணீர். மூன்று கேத்தல்." அதற்குப் பிறகு ஐஸுக்கு என்ன சொல் என்று தேடினேன். கையில் அகப்பட்டது ஒன்றுதான். "ஜே ஃபே லா கிளாஸ்."

மேசைப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது.

"ஐஸ்கிறீம் செய்தீர்களா?" என்றார் மதாம். "என் கால் போன ஐஸ்கிறீம். வனிலாவா, சொக்கலாவா?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்; பிரெஞ்சில் ஐஸுக்கும் ஐஸ்கிறீமுக்கும் அந்த ஒரு சொல்தான். சிரிக்கச் சிரிக்கக் கால் நொந்தது. நொந்தாலும் நிறுத்த முடியவில்லை. மேசைப் பெண்ணும் சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து கிடந்த கிழவரும் சிரித்தார். ஆரணி மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதாம் சொன்னார்: "மிஸ்யூ, நீங்கள் உப்பு விற்கிறீர்கள். ஒரு கை எடுத்துப் போட்டிருக்கலாம்." பிறகு முகம் பழைய மாதிரி ஆகிவிட்டது. "விபத்து ஒரு கடதாசி. பரிசோதனை வேறு கடதாசி. இரண்டையும் கலக்கமாட்டேன். சொன்னதற்கு நன்றி. கால் சரியானதும் வருவேன். பத்து மணிக்கு."

7

மூட்டைகள் மட்டும் கிடந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம். மூட்டைகள் நனைந்துவிட்டன. கடை வாசலுக்கு வந்ததும் ஆரணி நின்று, தமிழில் கேட்டாள்.

"ஏன் சொன்னீங்கள்? நான் சொல்லிக்கொண்டு இருந்தனான்தானே?"

"நீ சொன்னது பொய் பிள்ளை."

"உங்களுக்காகத்தான் சொன்னனான்."

"அதுதான்" என்றேன்.

உள்ளே போனால் ராசன் அண்ணை பெருமையோடு நின்றார். எங்களுக்கு முன்னமே திரும்பிவந்த பொடியளுக்கும் மாலிக்காரருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தன் கடையில் கேத்தல் பிளக் வேலை செய்யாமல் போனதால், இங்கேயே வைத்துக் கொதிக்க வைத்திருக்கிறார். எந்தப் பிளக்கில் என்று பார்த்தேன். குளிர்பெட்டியின் பிளக். அவர்களுக்குத் தேத்தண்ணீர் வைத்ததிலிருந்து நாங்கள் திரும்பும்வரை பெட்டி நின்றிருக்கிறது. வெப்பமானியில் கழித்தல் பதினொன்று.

"ஐயோ அண்ணை!"

"என்னடா, குளிரா இருக்குத்தானே இன்னும்?" என்றார் அவர்.

மேலே இருந்த மூன்று மீன்பொதி இளகிவிட்டன; குப்பையில் போட்டேன். கொப்பியை எடுத்தேன். அன்றைய நாளுக்கு நேரே 'கழித்தல் 11' என்று எழுதினேன். ஆரணி பக்கத்தில் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், "வனிலாவா, சொக்கலாவா" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அடக்கமாட்டாமல் வெடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ராசன் அண்ணைக்கு ஒன்றும் விளங்காமல் அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கும்போதுதான் சொன்னாள். பிரெஞ்சில், வேகமாக, முறுக்குப் பைகளைப் பார்த்துக்கொண்டு. ஸ்திராஸ்பூர்க்கில் ஒரு படிப்பு இருக்கிறது. பாறைகள், பூமியதிர்ச்சி, அப்படியானது. விண்ணப்பம் போட்டுவிட்டாள். இடம் கிடைக்கும் என்று ஆசிரியர் சொல்கிறார். கிடைத்தால் புரட்டாதியில் போகவேண்டும். அங்கேயே இருக்கவேண்டும்.

"கல்லைப் பற்றி என்ன பிள்ளை படிக்கிறது?"

"கல்லைப் பற்றித்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

எனக்குத்தான் தெரியாது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு ஆர் கதைக்கிறது எண்டு யோசிச்சனான்" என்றாள்.

வாசலுக்குப் போய் மிச்ச ஐஸை மண்வெட்டியால் உடைத்தேன். உப்பும் சீனியுமாக அது லேசில் போகவில்லை.

8

காப்புறுதியில் இருந்து நாலு பக்கப் படிவம் வந்தது. 'ஊற்றப்பட்ட திரவத்தின் தன்மை' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே, 'அளவு'. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து நானே நிரப்பினேன். ஆரணி பிழை திருத்தவா என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். நடைபாதை ஐஸுக்கு 'வெர்க்லா' என்று ஒரு சொல் இருக்கிறது, முதல் தடவையாகப் படித்தேன். மூன்று கடிதம் போய் வந்து அந்த விசயம் முடிந்தது.

பங்குனிக் கடைசியில் சுகாதார அலுவலகத்தில் இருந்து இன்னொரு கடிதம். பத்து மணி. அன்றைக்கு ஆரணிக்குப் பரீட்சை இல்லை, வரலாம் என்றாள். "நீ படி. நான் பாக்கிறன்" என்றேன். வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மதாம் ஒரு ஊன்றுகோலோடு வந்தார். கை கொடுத்தார். கால் எப்படி என்று கேட்டேன், பொறுத்திருக்கிறது என்றார். அதோடு பேச்சு முடிந்தது; வேலையைத் தொடங்கினார். தட்டுகளுக்குக் கீழே குனிந்து பார்க்க முடியாதபடியால் ஊன்றுகோலால் துழாவிப் பார்த்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் பாகைக் கொப்பியை விரித்து, விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தார். பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு, பதினெட்டு. விரல் நின்றது.

"பதினொன்று?"

கடைக்குள் வேறு ஒருவரும் இல்லை. நானே பிரெஞ்சில் தொடங்கினேன். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள். வண்டி தள்ளியவர்களுக்குப் பக்கத்துக் கடை அண்ணை தேத்தண்ணீர் போட்டார். அதற்காகப் பிளக்கைக் கழற்றினார். வந்து பார்த்தபோது பதினொன்று. மூன்று பொதி இளகியிருந்தது, எறிந்தேன். இரண்டு இடத்தில் காலத்தைப் பிழையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"அப்படியென்றால் இந்தப் பதினொன்று என்னால் வந்தது" என்றார்.

"இல்லை மதாம். தேத்தண்ணீரால்."

மதாமின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. குளிர்பெட்டிக்குத் தனிப் பிளக் வேண்டும், அதைச் சுவரில் பூட்டிவிடவேண்டும் என்று ஒரு குறை எழுதினார். இரண்டு முறுக்குப் பையில் எடை எழுதப்படவில்லை என்று இன்னொன்று. அதற்குக் கீழே, கடை தொடர்ந்து நடத்தலாம் என்று எழுதி ஒப்பமிட்டார். நானும் ஒப்பமிட்டேன்.

அவர் போனபிறகு கொஞ்ச நேரம் மூட்டை மேல் இருந்தேன். பிறகு ஆரணிக்கு எடுத்தேன்.

"என்னவாம்?" என்றாள்.

"நடத்தலாமாம்."

"அவா கேட்டதெல்லாம் விளங்கினதோ?"

"விளங்கினது."

"நீங்கள் சொன்னது அவாவுக்கு?"

"அதுவும் விளங்கினது எண்டுதான் நினைக்கிறன். சிரிக்கேல்லை."

அவளுக்குப் பின்னால் யாரோ பிள்ளைகள் கதைப்பது கேட்டது.

"அப்ப நான் போகலாம், என்ன அப்பா?"

எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஓம், போ என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டை விட்டு வெளிக்கிடுகிற பிள்ளைக்குப் 'போ' என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வராது.

"போயிட்டு வா, பிள்ளை" என்றேன்.